‘லாமோரே’: முதல் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாமா?

ரோபர்ட்டோ ரோஸலினியின் ‘லாமோரே’ (காதல், 1948) இரண்டு தனித்தனிக் கதைகள் கொண்ட இத்தாலியப் படம். முதல் கதையில் ஒரு பெண் அரை மணி நேரத்துக்கும் மேலாக டெலிபோனில் பேசுகிறாள். வேறொன்றும் நடப்பதில்லை. இரண்டாவது கதையான ‘இல் மிராகொலோ’தான் (அற்புதம்) அமெரிக்காவில் தடை, வழக்கு என்று உலகப் பேர் வாங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதபோது முதலாவதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை மட்டும் பார்த்தால் என்ன என்பது கேள்வி.

பார்க்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பார்த்தது வேறு படமாக இருக்கும். தனியாக நின்றால் ‘இல் மிராகொலோ’ மதத்தைப் பற்றிய படம். ‘ஊனா வோச்சே உமானா’ (ஒரு மனிதக் குரல்) என்ற முதல் பகுதியின் பின்னால் வந்தால் அது காதலைப் பற்றிய படம். நியூயார்க்கில் 1950 டிசம்பரில் தொடங்கிய ரகளையில் ஒரு பங்காவது, படத்தைப் பாதியாக வெட்டிக் காட்டியதால் வந்தது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இந்த இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தன என்பது. இரண்டும் ஒரே திட்டத்தில் பிறந்தவை அல்ல. ‘ஊனா வோச்சே உமானா’ பிரெஞ்சு எழுத்தாளர் ழான் கொக்தோவின் ஓரங்க நாடகம். 1930இல் பாரிஸின் கொமெடி ஃபிரான்ஸேஸ் அரங்கில் பெர்த் போவி என்ற நடிகை தனியாளாக நடித்து அரங்கேறியது. ரோஸலினி அதை 1947இல் பாரிஸில் இத்தாலிய நடிகை அன்னா மன்யானியை வைத்துப் படமெடுத்தார். ஒளிப்பதிவு ரொபேர் ஜுய்யார். ரோஸலினியின் பெர்லின் படமான ‘ஜெர்மானியா ஆன்னோ ஸேரோ’வுக்கும் இவரேதான் ஒளிப்பதிவாளர். எடுத்து முடித்துப் பார்த்தால் ஏறக்குறைய 35 நிமிடம். அந்த நீளத்துக்கு எந்தத் திரையரங்கு டிக்கெட் விற்கும்? கூடவே ஓட இன்னொன்று தேவைப்பட்டது. அப்போது ரோஸலினிக்கு எழுதிக்கொண்டிருந்த ஃபெடரிகோ ஃபெலினி கதை சொன்னார். துல்லியோ பினெல்லியும் ரோஸலினியும் திரைக்கதையில் சேர்ந்தார்கள். 1948இல் தென் இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில், மயோரி, ஃபுரோரே பக்கத்து மலைகளில், ஆல்தோ தோந்தியின் ஒளிப்பதிவில் எடுக்கப்பட்டது. அது ஏறக்குறைய 40 நிமிடம். இரண்டுக்கும் இசை ரோஸலினியின் தம்பி ரென்ஸோ. அதே ஆண்டு வெனிஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது.

ஆக, வியாபாரக் கணக்குக்காகச் சேர்ந்த ஜோடி. அதனால் பொருத்தமில்லாத ஜோடி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் படம் அன்னா மன்யானியின் கலைக்குச் செலுத்தும் மரியாதை என்று ரோஸலினி தொடக்க அட்டையிலேயே எழுதிவிடுகிறார். கதைக்கோ கருத்துக்கோ அல்ல, ஒரு நடிகைக்கு. சேர்த்துப் பார்க்க இதுவே போதுமான காரணம் என்றாலும், இதைவிட ஆழமான ஒட்டு ஒன்று உண்டு.

இரண்டு கதையிலும் ஆண் பேசுவதில்லை. முதலாவதில் அவன் டெலிபோனின் மறுமுனையில் இருக்கிறான். அவன் சொல்வது எதுவும் நமக்குப் புரியும்படி கேட்பதில்லை. இரண்டாவதில் அவன் கண்ணெதிரே நிற்கிறான், ஆனால் ஒரு சொல்கூட வாய் திறந்து சொல்வதில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் இரண்டு பெண்களும் தங்களுக்கு வேண்டிய ஆணைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருத்திக்கு அவன் இன்னும் தன்னை நேசிக்கும் காதலன், மற்றவளுக்குப் புனித யோசேப்பு, அதாவது இயேசுவின் தாய் மரியாளின் கணவர். இரண்டு இடத்திலும் அவளுக்குத் துணையாக இருக்கிற உயிர் ஒரு மிருகம்தான். அங்கே நாய், இங்கே வெள்ளாடு. ஒரு சின்ன விஷயமும் உண்டு: கொக்தோவின் நாடகத்தில் காதலன் வீட்டில் டெலிபோனை எடுக்கிற வேலையாளின் பெயர் ஜோசப், அதே யோசேப்பு. தற்செயலாகவே இருக்கட்டும், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு அது உறைக்காமல் போகாது.

முதல் பகுதி அலுப்பாக இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரு புலம்பலாகக் கேட்கிறார்கள். அது புலம்பல் இல்லை, பொய்களின் வரிசை. ஐந்து ஆண்டு உறவு முடிந்துவிட்டது, அவன் வேறொருத்தியை மணக்கப் போகிறான், இது கடைசி அழைப்பு. அவள் முதலில் தைரியசாலியாகப் பேசுகிறாள்: வெளியே போனேன், தோழியோடு சாப்பிட்டேன், நல்ல உடை உடுத்தியிருக்கிறேன். நாம் பார்ப்பதோ கலைந்த படுக்கையும் வீங்கிய கண்களும். அவன் தன் கையுறைகளை எங்கேயோ வைத்துவிட்டதாகக் கேட்கிறான். அவை அவள் கையிலேயே இருக்கின்றன, காணவில்லை என்கிறாள். முந்தின இரவு தூக்க மாத்திரைகளை விழுங்கியது பிறகுதான் வெளிவருகிறது. அவனும் பொய் சொல்கிறான். இணைப்பு அறுந்தபின் அவன் வீட்டு எண்ணுக்கு இவள் திருப்பிப் போட, எடுப்பது வேலையாள். எஜமானர் வீட்டில் இல்லை. அப்படியானால் அவன் இவ்வளவு நேரமும் வேறெங்கிருந்தோ பேசியிருக்கிறான். அவன் மறுபடி கூப்பிடும்போது அதை அவள் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. தெரிந்துகொண்டும் தெரியாததுபோல் பேசுகிற அந்த நிமிடங்கள்தான் மன்யானியின் உச்சம்.

டெலிபோனின் தொல்லைகளைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சும் ஆபரேட்டரும் நடுவில் இருந்த காலம். லைன் அறுகிறது, குறுக்கே வேறு யாரோ நுழைகிறார்கள், தாங்கள் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டு வைக்காமல் நிற்கிறார்கள். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் ஒன்றை மனத்தில் வைத்தால் போதும்: ஒவ்வொரு முறை லைன் அறும்போதும் அவன் மறுபடி கூப்பிடாமலே போகலாம். நாடகத்தின் பதற்றம் முழுவதும் இந்த இயந்திரக் கோளாறில்தான் தொங்குகிறது. கடைசியில் அவள் ரிசீவர் ஒயரைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, உன் குரல் என் கழுத்தைச் சுற்றி இருக்கிறது என்கிற இடம் கொக்தோ எழுதியதிலேயே கூர்மையான இடங்களில் ஒன்று.

மேடையில் இது நடிகையின் உடலை முழுவதும் தூரத்திலிருந்து காட்டும் நாடகம். ரோஸலினி அதைத் தலைகீழாக்குகிறார். கேமரா முகத்தருகே போய் அங்கேயே நிற்கிறது, வெட்டாமல் நீளமாக நிற்கிறது. அவள் பேசும்போது அல்ல, கேட்கும்போது முகத்தைப் பாருங்கள். அவன் என்ன சொன்னான் என்பதை நாம் படிப்பது அங்கேதான். இந்தப் பழக்கம் வந்தபிறகு அலுப்பு என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. இதே நாடகம் 1959இல் பிரான்ஸிஸ் பூலென்க்கின் ஓபராவாகவும் 2020இல் பெத்ரோ அல்மொதோவாரின் குறும்படமாகவும் வந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மன்யானியை முதலில் பார்ப்பது நல்லது. அவருக்குப் பிறகு மற்றவர்கள் எதைச் செய்யாமல் தவிர்க்கிறார்கள் என்பது தெரியும்.

ஒரு வம்புப் பேச்சையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். மன்யானியும் ரோஸலினியும் அப்போது சேர்ந்து வாழ்ந்தவர்கள். பிறகு ரோஸலினி ஹாலிவுட் நடிகை இங்கிரிட் பெர்க்மனிடம் போனார். அதனால் மன்யானி தன் சொந்தப் பிரிவையே நடித்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தேதிகள் ஒத்துவரவில்லை. முதல் பகுதி 1947இல் எடுத்தாகிவிட்டது. உங்கள் படத்தில் நடிக்க வருகிறேன் என்று பெர்க்மன் எழுதிய புகழ்பெற்ற கடிதம் ரோஸலினி கைக்கு வந்தது 1948 மே மாதம். பிரிவு அதற்கும் பிறகு. நடந்ததை நடிக்கவில்லை, நடிக்க முடிந்ததை நடித்தார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

இனி ‘இல் மிராகொலோ’. நன்னீனா மலையில் ஆடு மேய்ப்பவள், ஊரார் கண்ணில் புத்தி பேதலித்தவள். தாடியும் கைத்தடியுமாக ஒரு நாடோடி அந்த வழியே வருகிறான். அவனைப் புனித யோசேப்பு என்று நம்பி, என்னையும் சொர்க்கத்துக்கு அழைத்துப் போ என்று மன்றாடுகிறாள். அவன் பதில் சொல்லாமல் தன் பாட்டிலிலிருந்து திராட்சை மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். அவள் மயங்கிச் சாய்கிறாள். விழிக்கும்போது அவன் இல்லை. மாதங்கள் கழித்துக் கர்ப்பம் தெரிகிறது. இது கடவுளின் அருள் என்கிறாள் அவள். ஊர் அவளை வைத்துப் போலி ஊர்வலம் நடத்துகிறது, தலையில் தகரப் பாத்திரத்தைக் கிரீடமாகக் கவிழ்க்கிறது. அவள் ஊரை விட்டு மலைக்குப் போகிறாள். வலி கண்டதும் உச்சியிலிருக்கிற தேவாலயத்துக்கு ஏறுகிறாள். கதவு பூட்டியிருக்கிறது. ஓர் ஆடு வேறு வழி காட்ட, உள்ளே நுழைந்து தனியாகப் பிள்ளை பெறுகிறாள்.

நாடோடியாக நடித்தவர் ஃபெலினியே. அப்போது அவர் இயக்குநர் ஆகவில்லை. முதல் கூட்டு இயக்கம் 1950இல்தான். இந்த வேடத்துக்காக முடியைப் பொன்னிறமாக வெளுத்துக்கொண்டார். கதை அவருடையது என்றாலும், ஸ்பானிய எழுத்தாளர் ராமோன் தெல் வாயே-இன்க்ளானின் 1904ஆம் ஆண்டு நாவல் ‘ஃப்ளோர் தே சாந்திதாத்’தோடு அதற்கு நெருங்கிய ஒற்றுமை இருக்கிறது. அங்கேயும் ஓர் இடைச்சி வழிப்போக்கன் ஒருவனைத் தெய்வமாக நம்புகிறாள்.

ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மது ஊற்றி மயங்க வைத்த பெண்ணுக்கு அங்கே நடந்தது வன்புணர்ச்சி. படம் அதைக் காட்டுவதில்லை. அவளும் அதை அந்தப் பெயரால் அறிவதில்லை. பின்னாளில் நியூயார்க்கில் உரிமத்தை ரத்து செய்தபோது சொன்ன காரணம் மத நிந்தனை மட்டும்தான்.

முதல் பகுதியின் நினைவோடு பார்க்கிறவருக்கு இந்தக் கதையின் எடை இடம் மாறுகிறது. டெலிபோன் பெண் பொய் என்று தெரிந்தே பொய்யைப் பிடித்துத் தொங்கினாள். நன்னீனாவுக்கு அது பொய் என்றே தெரியாது. முதலாமவள் அறைக்குள் அடைபட்டவள், கேமரா முகத்தோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாமவள் வெட்டவெளியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு புள்ளியாக ஏறுகிறாள். முதலாமவளுக்குக் கடைசியில் மிஞ்சுவது ஓர் ஒயர், இரண்டாமவளுக்கு ஒரு குழந்தை. தெய்வம் உண்டா என்பது ரோஸலினியின் கேள்வியாக எனக்குப் படவில்லை. ஆண் கைவிட்ட அன்பு எங்கே போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. கடைசிக் காட்சியில் குழந்தையை என் மகனே, என் உயிரே என்று அவள் அழைக்கும்போது அந்த அன்புக்கு முதல் தடவையாகப் பதில் சொல்ல ஓர் உயிர் கிடைத்திருக்கிறது.

இப்போது அமெரிக்கக் கதை. பாதியாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஜோசப் பர்ஸ்டின் என்ற விநியோகஸ்தர் ‘இல் மிராகொலோ’வை மட்டும் எடுத்துக்கொண்டு, ழான் ரெனுவாரின் ஒரு குறும்படத்தோடும் மார்செல் பஞோலின் ‘ஜொஃப்ருவா’வோடும் சேர்த்து, ‘வேஸ் ஆஃப் லவ்’ என்ற புதுத் தொகுப்பாக 1950 டிசம்பர் 12இல் மன்ஹாட்டனின் பாரிஸ் தியேட்டரில் வெளியிட்டார். ஒரு தொகுப்பிலிருந்து பிடுங்கி இன்னொரு தொகுப்பில் நட்ட கதை. நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த வெளிநாட்டுப் படமாக இதைத் தேர்ந்தெடுத்தது.

நகர உரிம ஆணையர் அதற்குள் படம் தெய்வ நிந்தனை என்று அறிவித்துத் தியேட்டரின் உரிமத்தையே ரத்து செய்வதாக மிரட்டினார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தடுத்தது. 1951 ஜனவரியில் நியூயார்க்கின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் ஸ்பெல்மன் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி அறிக்கை விட்டார். தியேட்டர் வாசலில் மறியல், வெடிகுண்டு மிரட்டல். கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘காமன்வீல்’ என்ற கத்தோலிக்க வார இதழில் இந்தப் போராட்ட முறையைக் கண்டித்துக் கட்டுரை வந்தது. இத்தாலியிலும் அப்படியே: கத்தோலிக்கத் திரைப்பட மையம் இதை வெறுக்கத்தக்க அவமதிப்பு என்றது, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் நாளிதழோ பாராட்டியது. அரசுத் தணிக்கை படத்தைத் தடுக்கவே இல்லை.

நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டப்படி, ஆபாசம், ஒழுக்கக்கேடு போன்றவற்றோடு மத நிந்தனையும் உரிமத்தை மறுக்க ஒரு காரணம். இந்தப் படத்துக்கு உரிமம் இரண்டு முறை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது: 1949இல் சப்டைட்டில் இல்லாத பிரதிக்கு, 1950 நவம்பரில் சப்டைட்டிலோடு. ரகளைக்குப் பிறகு 1951 பிப்ரவரி 16இல் மாநிலக் கல்வி வாரிய உறுப்பினர்களான ரீஜென்ட்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பர்ஸ்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1952 மே 26இல், பர்ஸ்டின் எதிர் வில்சன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு சொன்னது என்ன, சொல்லாதது என்ன என்பதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1915இல் மியூச்சுவல் ஃபிலிம் வழக்கில் அதே நீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரம், பேச்சுச் சுதந்திரம் அதற்குப் பொருந்தாது என்றிருந்தது. 37 ஆண்டு நின்ற அந்தக் கருத்தை நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பு தள்ளியது: சினிமாவும் கருத்து வெளிப்பாட்டு ஊடகம், பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசன முதல் திருத்தத்தின் பாதுகாப்பு அதற்கும் உண்டு. அடுத்து, மத நிந்தனை என்ற அளவுகோல் மிகவும் தெளிவற்றது, எந்த மதத்தின் பார்வையில் என்று தணிக்கையாளர் தத்தளிக்க வேண்டியிருக்கும் என்றது. ஆனால் தணிக்கையை அடியோடு ஒழித்துவிடவில்லை. ஆபாசத்தைத் தடுக்கும் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் அது நுழையவில்லை. இந்த வழக்கோடு அமெரிக்காவில் சினிமா தணிக்கை செத்தது என்று எழுதுவது தவறு.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச் 30இல் எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. நீதிபதி ஜகன்னாத ஷெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு, சினிமா வெறும் கேளிக்கை என்ற பழைய எண்ணம் எப்படி மாறியது என்று சொல்லும் இடத்தில் மியூச்சுவல் ஃபிலிம் வழக்கையும் அதன் பின் பர்ஸ்டின் வழக்கையும் எடுத்துக்காட்டுகிறது. அமெரிக்க முதல் திருத்தம்போல அல்லாமல் நம் அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு பேச்சுச் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடுகளை வெளிப்படையாக அனுமதிக்கிறது என்பதையும், சினிமாவின் தாக்கம் பெரிது என்பதால் முன்தணிக்கை அவசியம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. மயோரி மலையில் எடுத்த 40 நிமிடப் படம் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்குவரை வந்து சேர்ந்த வழி இது. ஆனால் அந்த வழியில் வந்தது பாதிப் படம்தான். கொக்தோவின் பெண்ணை எந்த நீதிமன்றமும் சந்திக்கவில்லை.

பார்க்கும் முறைக்கு வருவோம். பிரதி கையில் கிடைத்ததும் நீளத்தைப் பாருங்கள். 40 நிமிட அளவில் இருந்தால் ஒரு பகுதி மட்டும் இருக்கிறது. முழுப்படம் ஏறக்குறைய 80 நிமிடம். 77 என்று போட்டிருந்தால் வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டும் ஐரோப்பிய டிவிடிகளில் எல்லாப் படமும் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். காட்சி எதுவும் போகாது. ஆனால் குரல் கொஞ்சம் மேலேறிவிடும், மன்யானியின் அடித்தொண்டைக் குரலுக்கு அது நஷ்டம்தான். 24 சட்டகப் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்தது சட்டக வடிவம். இது 1.37:1, அதாவது பழைய சதுரத்துக்கு நெருங்கிய வடிவம். அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். திரை நிறையட்டும் என்று டிவியில் ஸூம் செய்தால் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி வெட்டுப்படும். முதல் பகுதியில் நெற்றியும் ரிசீவரைப் பிடித்த கையும் போகும், இரண்டாவதில் மலை எவ்வளவு உயரம் என்பதே தெரியாமல் போகும். இழுத்து நிரப்பினால் இன்னும் மோசம். முகம் முப்பது சதவீதம் அகலமாகிவிடும். முழுக்க முழுக்க ஒரு முகத்தை நம்பி எடுத்த படத்துக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம் இது.

சப்டைட்டிலையும் சோதிக்க வேண்டும், குறிப்பாக முதல் பகுதியில். அவள் கேட்கும் இடைவெளிகளில் திரையில் எழுத்து இருக்கக் கூடாது. முந்தின வரி நீண்டு நின்றாலோ அடுத்த வரி முன்கூட்டியே வந்தாலோ, அவன் சொன்னதை முகத்திலிருந்து படிக்கும் வேலையை எழுத்து கெடுத்துவிடும். அரை நொடித் தாமதம்கூட இங்கே தொல்லை; பிளேயரில் சப்டைட்டில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். இத்தாலியம் தெரியாதவர் முதல் ஐந்து நிமிடத்தை இரண்டு முறை பார்ப்பது பலன் தரும்: ஒருமுறை வாசிக்க, ஒருமுறை முகத்துக்கு.

திரைப்படச் சங்கத்தில் போடுகிறவர்களுக்கு: ஒலியை முதல் பகுதியின் கிசுகிசுப்பை வைத்து அமைக்காதீர்கள். அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஏற்றினால் அவள் வெடித்து அழும்போது ஸ்பீக்கர் கரகரக்கும். அழுகையை வைத்து அளவு பிடித்துக்கொண்டு, கிசுகிசுப்புக்கு மின்விசிறிகளை நிறுத்துங்கள். பகுதிகளுக்கு நடுவே இடைவேளை விடவே கூடாது. விளக்கைப் போட்டால் இரண்டு குறும்படம் பார்த்த உணர்வுதான் மிஞ்சும். வரிசையை மாற்றி, பேர் பெற்றதை முதலில் போடுவதும் வழக்கமாக நடக்கிற தவறு. அப்படிச் செய்தால் மலையிலிருந்து அறைக்குள் இறங்குவதாக ஆகி, முதல் பகுதி நிஜமாகவே அலுக்கும். வழக்கைப் பற்றிய பேச்சு எதுவானாலும் படம் முடிந்தபிறகு. முன்னாலேயே சொன்னால் அவையினர் நிந்தனை எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள், முதல் பகுதி முழுவதும் வீணாகும்.

இது பிடித்துப்போனால் அடுத்தது ‘சியாமோ தொன்னே’ (1953). ஐந்து பகுதி, நடிகைகள் தங்கள் பெயரிலேயே வருகிறார்கள். இங்கிரிட் பெர்க்மனின் ரோஜாச் செடிகளைக் கோழி நாசம் செய்கிற பகுதியை ரோஸலினி இயக்கியிருக்கிறார். மன்யானியின் பகுதி லூக்கினோ விஸ்கோந்தியுடையது: மடியில் வைத்திருக்கிற நாய்க்கு ஒரு லிரா கூடுதல் கட்டணம் கேட்ட டாக்ஸிக்காரரோடு அவர் போடும் சண்டை. அந்தப் படத்தில் வேண்டுமானால் பகுதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.